அரிஷ்டப் பரணியில் ஊறிய ஸ்காட்ச்

காலை ஒன்பது மணிக்கு மார்த்தாண்டத்தில் பஸ் ஏறினேன். களியக்காவிளை வரை எட்டு கிலோமீட்டர், அறுபது காசு. எல்லையை நடந்தே தாண்டி, பாறசாலைக்குக் கேரள பஸ் பிடித்தேன். நான் தமிழில் கேட்டதற்குக் கண்டக்டர் மலையாளத்தில் பதில் சொல்லிவிட்டு, மீதிச் சில்லறையைத் தமிழில் எண்ணிக் கொடுத்தார்.

பாறசாலையிலிருந்து செல்லப்பன் வீட்டுக்கு மரச்சீனிக் கிழங்கு விளைகள் வழியே இரண்டு கிலோமீட்டர் நடை. பஹ்ரைனில் நான் ஹோட்டல் மதுக்கிடங்கில் வேலை பார்த்தபோது, அவன் அங்கே ஒரு வெள்ளைக்கார எஞ்சினியருக்கு டிரைவர். அடுத்தவர் நிலத்தில் குடியிருக்கும் குடிகிடப்புக்காரருக்குப் பத்து சென்ட் என்று கேரளத்தில் சட்டம் வந்ததில், அவன் அப்பா குடிசை போட்டிருந்த மண் அவர்களுக்கே சொந்தமானது. இப்போது அதில் கான்கிரீட் வீடு. அந்த நிலத்தின் பழைய சொந்தக்காரரான ஜன்மி அன்று முதல்முறையாக அவன் வீட்டில் வந்து உட்கார ஒப்புக்கொண்டிருந்தார். அவருக்கு ஊற்றுவதற்கென்றே, எஞ்சினியர் பிரியும்போது கொடுத்த ஸ்காட்ச்சை வைத்திருந்தான். ஷெர்ரி ஒயின் பீப்பாயில் இருபத்தைந்து வருஷம் ஊறிய சிங்கிள் மால்ட். ருசி பார்த்துச் சொல்ல என்னை அழைத்திருந்தான்.

பதினொன்றரை மணிக்குப் புட்டியைக் கேட்டேன். அவன் நெல் பத்தாயத்துக்குள் கைவிட்டு, வாயில் சீலைமண் பூசிய ஒரு பரணிச் சாடியை எடுத்தான்.

"குப்பியில கெடந்தா எப்பிடி ஊறும் அண்ணே? மின்ன ஒயின் இருந்த பீப்பாயில கெடந்தாத்தான் மணம் வரும்னு நீங்கதானே சொன்னிய? இதுல தசமூலாரிஷ்டம் இருந்ததாக்கும். ரெண்டு வருசமாச்சு. இப்பம் இருபத்தேழு!"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. புட்டிக்கு வந்தபின் விஸ்கிக்கு வயது ஏறாது என்பதை நான் சொல்லவே இல்லை. பாதிதான் மிச்சம். காரம் ஆவியாகிப் போய், உலர்ந்த திராட்சை மணத்தின்மேல் அரிஷ்டம் ஏறி உட்கார்ந்திருந்தது.

"எப்பிடி?"

"நிறம் பிரமாதம்" என்றேன். அது பொய்யில்லை.

பன்னிரண்டேகாலுக்கு ஜன்மி குடையோடு வந்தார். எழுபது வயதிருக்கும். உட்கார்ந்ததுமே, "குடியெல்லாம் டாக்டர் சொல்லி நிறுத்தியாச்சு, எலே" என்றார். கிளாஸ் மூக்கருகே வந்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"அரிஷ்டமா? மருந்துன்னா ஒரு வாய் குடிக்கலாம்."

செல்லப்பன் என்னைப் பார்த்தான். அவன் ஆமாம் என்றால் போதும், அவர் குடித்துவிடுவார். இரண்டு வருஷமாக அவன் காத்திருந்தது நடந்துவிடும். சொல்லித் தொலையேன் என்று என் மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

"அரிஷ்டம் இல்ல ஏமானே. ஸ்காட்ச் ஆக்கும். நான் கொண்டு வந்தது" என்றான் செல்லப்பன்.

ஜன்மி கிளாஸை மேசையில் வைத்தார். வெயில் ஏறுகிறது என்றார். "அப்பம் வாறேன்" என்று எழுந்து போய்விட்டார். செல்லப்பன் வாசற்படியோடு நின்றுகொண்டான். பிறகு அதே நாற்காலியில் உட்கார்ந்து, அதே கிளாஸை எடுத்து ஒரே மடக்கில் குடித்தான்.

"கெட்டுப் போச்சு, இல்லியா அண்ணே?"

"போச்சு."

"போவட்டும். இந்த மண்ணுலேருந்து எறங்குன்னு எனக்க அப்பன்கிட்ட சொன்னவராக்கும். இன்னைக்கு எனக்க வீட்டுலேருந்து அவரு எறங்கிப் போறாரு."

மிச்சத்தை இருவரும் குடித்து முடித்தோம். மூன்றரை மணி பஸ்ஸில் எல்லைக்குத் திரும்பினேன். எல்லைக்கு இந்தப் பக்கத்தில் எங்கள் வீடு இன்னும் இன்னொருவர் மண்ணில்தான் நிற்கிறது. நானாக இருந்தால், அரிஷ்டம் என்றே சொல்லியிருப்பேன்.