சந்தியில் நின்ற கமரா

எழுபதுகளின் தொடக்கத்தில் திருகோணமலை நகரத்துச் சந்தியொன்றில் ஒரு சிறிய ஸ்ரூடியோ வைத்திருந்தேன். வாசலுக்கு நேரே 'நில்' என்று எழுதிய சிவப்புப் பலகை. அதனடியில் நின்றவை ஆடுகள் மட்டுமே, அதுவும் நிழலுக்காக.

அந்தச் சந்தியில்தான் என் அக்காவை ஒரு விறகு லொறி அடித்தது. அவள் ஆசிரியை, பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருந்தாள். இடது கால் முறிந்தது. லொறி நிற்கவில்லை. அதன் இலக்கத்தை ஒருவரும் பார்க்கவில்லை. நல்ல பாலை மர விறகு என்று மட்டும் நாலைந்து பேர் பொலிசில் சொன்னார்கள்.

கட்டு அவிழ்த்த பிறகு அக்கா பொல்லை ஊன்றிக்கொண்டு ஸ்ரூடியோவுக்கு வந்து, படம் எடுக்க வருபவர்களின் கதிரையில் இருந்து றோட்டைப் பார்ப்பாள். ஒருநாள் சொன்னாள்: "உன்ரை கமராவைத் தூக்கி வாசல்லை வை."

"ஏனக்கா?"

"நிக்காமப் போறவையைப் படம் எடு. பொலிசுக்குக் குடுப்பம்."

போக்குவரத்துப் பொலிஸ் சார்ஜனுக்கு யோசனை பிடித்துப்போயிற்று. "என்னட்டை இருக்கிறது சைக்கிள், ரீச்சர். லொறியைக் கலைச்சுப் பிடிக்க ஏலாது," என்றார்.

முதல் நாட்களில் சாரதிகள் கமராவைக் கண்டு சிரித்தார்கள். சிலர் தலைவாரிக்கொண்டு மறுபடியும் வந்தார்கள். ஓர் அரிசி லொறி மட்டும் திரும்பியும் பாராமல் பறந்தது. இலக்கம் தெளிவாக விழுந்தது. வழக்கும் விழுந்தது.

நீதிமன்றத்தில் சாரதியின் சட்டத்தரணி என் படத்தை உயர்த்திப் பிடித்தார். "கனம் நீதவான் அவர்களே, இந்தப் படத்திலை லொறி நிக்குது. எனது கட்சிக்காரர் சட்டத்தை மதிச்சு நிண்டிருக்கிறார்."

 உண்மையில் லொறி நிற்பதுபோலத்தான் இருந்தது; நான் நல்ல கமரா வைத்திருந்தேன்.

பின்வரிசை வாங்கிலிருந்து அக்கா எழும்பினாள். "ஐயா, லொறிக்கு மேலாலை பறக்கிற காகமும் படத்திலை இருக்குது. அதுவும் ஆகாயத்திலை நிக்குதோ?"

நீதவான் காகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு அக்காவை இருக்கச் சொன்னார். காகத்தைச் சாட்சியாக ஏற்க முடியாதென்று சொல்லி, சாரதியை எச்சரித்து மட்டும் அனுப்பிவிட்டார்.

நாங்கள் தோற்றோம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தச் சாரதி ஒரு முழுநாள் நீதிமன்ற வாசலில் காய்ந்த கதை லொறிக்காரர்களிடையே பரவிவிட்டது. அடுத்த கிழமையிலிருந்து எல்லாரும் பலகைக்கு முன்னால் நின்றார்கள்.

சார்ஜனுக்கு ஆசை வந்தது. "ஆஸ்பத்திரிச் சந்தியிலும் ஒண்டு வைப்பம். சந்தையடியிலும் ஒண்டு."

"என்னட்டை ஒரு கமராதான் இருக்குது. பிலிமும் இப்ப கடையளிலை இல்லை," என்றேன். இறக்குமதி நின்றிருந்த காலம் அது.

"பிலிம் இல்லையெண்டு லொறிக்காரருக்கு ஆர் சொன்னது?" என்றாள் அக்கா.

எங்கள் தேவாலயத்துக் கோவில்பற்றில் இருந்த தச்சர் ஒருவர் இரண்டு பலகைப் பெட்டிகள் செய்து, முன்பக்கத்தில் லென்சு போலப் போத்தல் அடிகளைப் பதித்தார். சவப்பெட்டி செய்து பழகிய கை என்பதால் மூடி நன்றாகப் பொருந்தியது. மூன்று காலில் நிறுத்திக் கறுப்புத் துணி போட்டோம். இரண்டு சந்திகளிலும் வாகனங்கள் நின்றன. பொலிஸ் ஜீப்பும் நின்றது. பெட்டிகள் வெறுமையென்று சார்ஜன் மேலதிகாரியிடம்கூடச் சொல்லவில்லை.

அதுவரை அக்கா ஸ்ரூடியோவிலிருந்து வீட்டுக்கு, சந்தியைத் தவிர்த்து, பின் ஒழுங்கையால் சுற்றித்தான் போவாள். ஒரு பின்னேரம் பொல்லை எடுத்துக்கொண்டு நேரே சந்திக்கு இறங்கினாள். மூதூர்ப் பக்கத்து லொறியொன்று வந்து நின்றது. அவள் அவசரப்படவில்லை. றோட்டின் நடுவில் நின்று சீலைக் கொய்யக மடிப்பைச் சரிசெய்தாள். சாரதி ஹோர்ன் அடிக்கவில்லை. 

அந்த வருட மாரி மழையில் பெட்டிகள் ஊதிப் பிரிந்தன. சார்ஜன் மாற்றலாகிப் போனார். நகரசபை கடைசியில் சந்திகளில் வேகத்தைக் குறைக்கத் தார் மேடு போட்டது. அதில் சைக்கிளோடு ஏறி விழுந்த முதல் ஆள் நான்தான். அக்கா வந்து சைக்கிளை நிமிர்த்திவிட்டு, "மெல்லப் போயிருக்கலாம்," என்றாள்.