நாலாவது சென்டிமீட்டர்

டிரைவர் இறந்து இரண்டு மாதம். அதன்பின் அவருடைய ஆடுகளுக்குப் பக்கத்துப் பண்ணைக்காரர் தீவனம் போட்டுப் பார்த்துக்கொண்டார். குளிர் விட்டதும் ரோமம் கத்தரித்தாக வேண்டும் என்பதால் மகள் லீவு போட்டு வந்தாள். எஃகுக் கம்பிகளை அறும்வரை இழுத்து, எங்கே அறுந்தது, ஏன் அறுந்தது என்று எழுதுவது அவள் உத்தியோகம். அப்பா விஷயத்தில் அவளுக்கு ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது: எப்போது படுக்கையில் விழுந்தார்? இருதயம் பல மாதமாகவே தளர்ந்திருக்கும் என்றார் டாக்டர். அப்பாவோ ஞாயிறுதோறும் போனில், "எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்" என்றே சொல்லி வந்தார். குளிர்காலத் தொடக்கத்தில் வரட்டுமா என்று கேட்டாள். கத்தரிப்புக்கு வந்தால் போதும் என்றார். அவளுக்கும் அது வசதியாகப் போயிற்று.

முப்பது வருடம் பஸ் ஓட்டியவர், ஓய்வு பெற்றதும் பதினெட்டு செம்மறி ஆடுகளை வாங்கினார். ரோட்டில் ஆடு குறுக்கே வந்தால் ஹாரன் அடிக்காமல் காத்திருந்த ஒரே டிரைவர் அவர்தான். பழக்கதோஷம் என்று சிரித்தார்கள். எல்லா ஆட்டையும் முகம் பார்த்தே அறிவார். பேர் வைக்கவில்லையா என்று கேட்டால், பயணிகளிடம் பேரா கேட்டேன் என்பார்.

பன்னிரண்டு வருடமாக வரும் கத்தரிப்புக்காரர் முதல் ஆட்டைப் பின்பக்கம் தரையில் பட உட்காரவைத்து, முழங்கால்களுக்கிடையே பிடித்து, வயிற்றிலிருந்து மெஷினை ஓட்டினார். கம்பளி ஒரே விரிப்பாகக் கழன்றது. அதில் ஒரு கற்றையை உருவி, இரு முனையையும் பிடித்து, காதருகே வெடுக்கென்று இழுத்தார். நல்ல ரோமம் விண்ணென்று ஒலிக்கும். இது பட்டென்று அறுந்தது.

"பசி பட்ட ரோமம்மா. தீவனம் நின்னா அந்த இடத்துல இளைச்சிடும். நூலுக்கு ஆகாது, மெத்தைக்குத்தான்."

மாதத்துக்கு எவ்வளவு வளரும் என்று கேட்டாள். ஒரு சென்டிமீட்டர் என்றார். அளந்தாள். கத்தரித்த முனையிலிருந்து, அதாவது தோலை ஒட்டிப் புதிதாக வளர்ந்த பக்கத்திலிருந்து, நாலாவது சென்டிமீட்டரில் அறுந்திருந்தது. அதற்கப்புறம் வளர்ந்த ரோமம் திடமாக இருந்தது. படுத்த அப்பா எழுந்து மறுபடி தீவனம் போட்டிருக்கிறார். வரட்டுமா என்று அவள் கேட்டதும் நாலு மாதம் முன்புதான்.

ஒரே ஒரு சோதனையை நம்பி அவள் கையெழுத்துப் போட்டதில்லை. அடுத்த ஆட்டையும் பார்த்தாள், அதற்கடுத்ததையும். பதினேழும் அதே இடத்தில் அறுந்தன.

பதினெட்டாவது நொண்டி ஆடு. அதன் ரோமம் அறவில்லை. மறுபடி இழுத்தாள், விண்ணென்றது.

கத்தரிப்புக்காரர் மெஷினை நிறுத்தினார். "இது எங்க இருக்கும்?"

"சமையலறைக்குப் பின்னால. மத்ததுங்க முட்டித் தள்ளும்னு அப்பா தனியா வச்சிருந்தார்."

அவர் மற்ற பதினேழும் அடையும் மேட்டுக் கொட்டகையைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார். "அதுவரைக்கும்தான் நடக்க முடிஞ்சிருக்கு."

அவள் உள்ளே போய்க் கட்டிலருகே நின்று நடந்து பார்த்தாள். நொண்டி ஆடு இருந்த இடத்துக்குப் பதினாலு காலடி. மேட்டுக் கொட்டகைக்கு அறுபத்து மூன்று, அதுவும் ஏற்றம், பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

போன் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் இருந்தது. மேட்டில் பதினேழு ஆடும் பசியில் கத்துவது அந்தக் கட்டிலுக்கு நன்றாகவே கேட்டிருக்கும். அப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் அவளுக்குமே கேட்டது. ஏம்ப்பா இப்படிக் கத்துதுங்க என்று கேட்கவும் செய்தாள்.

"உன் குரலக் கேட்டுத்தான்" என்றார்.

அவள் சிரித்துவிட்டுப் போனை வைத்தாள்.