மோகனூருக்குப் போன டயர் வண்டி

அம்மா படுத்துக்கொண்டே போவதற்கு ஒரு வண்டி வேண்டும் என்று அப்பா சொன்னபோது எனக்கு வயது ஒன்பது. இரண்டாம் உலகப் போர் தொடங்குவதற்கு முந்தின வருஷம். மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் வெள்ளாமைக் காடும் வீடும். பெரியப்பா, பெரியம்மா, அவர்கள் பிள்ளைகள், நாங்கள் மூன்று பேர் என்று ஒரே வீட்டில் பதினோரு பேர் இருந்தோம். பெரியப்பா எதிரில் அப்பா அதிகம் பேச மாட்டார். அம்மாவோ அப்பாவிடமே அதிகம் பேச மாட்டாள். பெரியவர்கள் இருக்கிற வீட்டில் அதுதான் மரியாதை. அப்பாவுக்குச் சொல்ல வேண்டியதை என்னைப் பார்த்துச் சொல்வாள். அப்பா பக்கத்திலேயே நின்று கேட்டுவிட்டு, பதிலையும் என்னிடமே சொல்லிவிட்டுப் போவார். இரண்டு பேருக்கும் நான் இல்லாமல் காரியம் ஆகாது என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட இருந்தது.

அதற்கு இரண்டு வருஷம் முன்பு அம்மா கிணற்றுப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். கட்டுப் போடுகிறவர் வந்து மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். எலும்பு கூடிவிட்டது, வலி மட்டும் தங்கிவிட்டது. கோலை ஊன்றிக்கொண்டு வீட்டுக்குள் நடப்பாள், சமைப்பாள். வண்டியில் மட்டும் உட்கார முடியாது. இரும்புப் பட்டை போட்ட சக்கரம் ஒரு கல்லில் ஏறி இறங்கினால் போதும், உதட்டைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். பஸ்ஸிலும் ஒரு தடவை ஏற்றிப் பார்த்தார்கள். ஊர் எல்லை தாண்டுவதற்குள் இறக்கிவிடச் சொல்லிவிட்டாள்.

ஐப்பசியில் மோகனூரிலிருந்து மாமன் வந்தார். அம்மாவுக்கு ஒரே தம்பி. தை மாதம் அவருக்குக் கல்யாணம். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையோடு கூடப் பிறந்தவள் அவன் பக்கத்தில் இருந்து செய்ய வேண்டிய சீர் அது. அதைச் செய்கிற உரிமை அவளுக்கு மட்டும்தான். மாமன் காப்பித் தம்ளரையே பார்த்தபடி, அக்காவால் வர முடியாவிட்டால் தன் பெரியப்பன் மகளை வைத்துச் செய்துகொள்ளலாம் என்று அங்கே பேசிக்கொள்கிறார்கள் என்றார்.

“அப்படியே செய்யி சாமி. அதுதான் தோது” என்றாள் அம்மா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அதற்கு மறுநாள் சோற்றைத் தீய விட்டாள். அடுத்த நாள் குழம்பில் உப்பு இல்லை. அப்பா அதையும் சாப்பிட்டு எழுந்து போனார். மூன்றாம் நாள்தான் வண்டிப் பேச்சை எடுத்தார்.

முதலில் திருச்செங்கோட்டில் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவரின் வில் வண்டியைப் பார்க்கப் போனார். என்னையும் கூட்டிப்போனார். பச்சை வர்ணமும் கண்ணாடிச் சன்னலுமாக, சாமி ஊர்வலத்துக்குச் செய்த மாதிரி இருந்தது. இரவல் தருவதாக அவரே சொன்னார். அப்பா உள்ளே ஏறிக் காலை நீட்டிப் பார்த்தார். முழங்கால் முகவாயில் இடித்தது. இறங்கிச் சக்கரத்தின் கனத்தை விரலால் அளந்தார். மோகனூர் போகத் தாண்ட வேண்டிய திருமணிமுத்தாற்று மணலில் இந்த ஒல்லிச் சக்கரம் அச்சு வரைக்கும் இறங்கிவிடும் என்று வரும் வழியில் என்னிடம் சொன்னார். எனக்கோ அந்தக் கண்ணாடிச் சன்னல் போய்விட்டதே என்று இருந்தது.

வீட்டிலிருந்த பாரவண்டியில் படுக்க இடம் இருந்தது, ஆனால் தூக்கித் தூக்கிப் போடும். வைக்கோலை இரண்டு மடங்கு பரப்பி, அப்பாவே அதில் படுத்துக்கொண்டு பண்ணையாளை ஓட்டச் சொன்னார். இறங்கும்போது அவரே இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

பிறகு யாரோ சொல்லிச் சேலத்துக்குப் போய் வந்தார். ராசிபுரம் பக்கத்தில் புளியமரத்தில் மோதி நொறுங்கிய மோட்டார் ஒன்று அங்கே ஒரு பட்டறையில் கிடந்தது. அதன் பின் அச்சையும் ரப்பர்ச் சக்கரம் இரண்டையும் பேசி முடித்து, பாரவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து களத்தில் இறக்கினார். எங்கள் பக்கத்தில் அப்போது டயர் வண்டியை யாரும் கண்டதில்லை. பெரியப்பா ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

“எஞ்சின எங்கடா மறந்து வெச்சுட்டு வந்தே?”

அப்பா தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். ஆனால் திருப்பிக் கொண்டுபோகவில்லை.

ஆசாரி வந்து பத்து நாள் வேலை செய்தார். அச்சின் மேல் வேம்புச் சட்டம், அதன் மேல் பலகை, பலகைக்கு மேல் மூங்கில் வளைத்துப் பாய் வேய்ந்த கூண்டு. பலகையின் நீளத்துக்கு அம்மாவின் உயரம் தெரிய வேண்டியிருந்தது. அவளிடம் போய்க் கேட்க அப்பாவுக்குக் கூச்சம். நான் ஒரு கயிற்றைக் கொண்டுபோய் அளந்து முடிச்சுப் போட்டு வந்து கொடுத்தேன். பலகைக்குக் கீழே விறகுக்கு ஒரு வலை, பக்கவாட்டில் தண்ணீர்க் குடம் ஆடாமல் உட்கார மரவளையம், பாத்திரங்களுக்கு ஒரு பெட்டி. சாக்கில் வைக்கோலைத் திணித்து மெத்தை தைத்து, மேலே பவானி ஜமுக்காளம் விரித்தார்கள். அம்மா எல்லாவற்றையும் வாசலிலிருந்து பார்த்துவிட்டு என்னிடம் ஒன்றே ஒன்று சொல்லியனுப்பினாள். படுத்திருக்கிறவளுக்கு வழி தெரிய வேண்டும். அப்பா அன்றைக்கே கூண்டின் இரண்டு பக்கத்திலும் பாயை அறுத்துச் சன்னல் வைத்தார்.

அதன் பிறகு சோதனை. அம்மா படுக்க வேண்டிய இடத்தில் ஒரு பித்தளை அண்டாவை வைத்து, விளிம்பு வரைக்கும் தண்ணீர் ஊற்றி, நான் பக்கத்தில் உட்கார, இரண்டு பக்கமும் வேலி நெருக்கிய இட்டேரியில் வண்டியை ஓட்டினார் அப்பா. திரும்பி வந்தபோது கால் அண்டாத் தண்ணீர் என் பாவாடையில் இருந்தது. கல் மாதிரி இருக்கும்படி காற்றடிக்க வேண்டும் என்று பட்டறைக்காரர் சொல்லியிருந்ததால், சைக்கிள் பம்பை வைத்து ஊரே முறை போட்டு அடித்திருந்தது. அப்பா யோசித்தார். ஒரு ஆணியால் டயரின் காற்று வாயை அமுக்கிக் கொஞ்சம் காற்றைப் போகவிட்டார். மறுபடி ஓட்டினார். மறுபடி கொஞ்சம் விட்டார். நாலாவது தடவை டயர் தொப்பை தள்ளியபடி, கல்லை மிதித்தால் கல்லுக்குத் தக்கபடி நெளிந்து போயிற்று. அண்டாவின் விளிம்பு மட்டும்தான் நனைந்திருந்தது. அப்பா அந்தத் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றது இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

பெரியப்பா குடும்பம் பஸ்ஸில் வருவதாக இருந்தது. நாங்கள் மூன்று நாள் முன்னதாகப் புறப்பட்டோம். பாரம் கூடாது என்று அப்பா ஆள்கூட வைத்துக்கொள்ளவில்லை. முதல் நாள் முழுக்க அம்மா ஒரு தடவைகூட உதட்டைக் கடிக்கவில்லை. திருமணிமுத்தாற்று மணலில் எங்கள் வண்டி வழுக்கிக்கொண்டு போக, எங்களுக்கு முன்னால் போன பாரவண்டியை நாலு பேர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் ஒரு கிணற்றடியில் வண்டியை நிறுத்தி அம்மா கம்பங்களி கிண்டினாள். அப்பா சுள்ளி ஒடித்துக் கொடுத்தார். அப்போதுதான் கவனித்தேன், இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டிருந்தார்கள். நெருப்பு போதுமா, மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா என்று ஆரம்பித்தது, எப்போதோ செத்துப்போன ஒரு காளை மாட்டைப் பற்றியெல்லாம் போயிற்று. நடுவில் நான் ஏதோ சொல்லப் போனேன். யாரும் என் பக்கம் திரும்பவில்லை. எனக்குக் கொஞ்சம் கோபம்தான்.

இரண்டாம் நாள் உச்சிவேளையில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. கருவேல முள், என் விரல் நீளம். அப்பா பட்டறையில் கற்றுக்கொண்டபடி கடப்பாரையால் டயரைப் பிரித்து, உள்ளே இருந்த ட்யூபுக்கு ஒட்டுப் போட்டார். காற்றடித்து அரை மைல் போவதற்குள் ஒட்டு விட்டுப்போயிற்று. திரும்பப் போட்டார், அதுவும் நிற்கவில்லை. மூன்றாவது தடவை ஒட்டுகிற பசையே தீர்ந்துவிட்டது. மோகனூருக்கு இன்னும் ஒரு நாள் வழி இருந்தது. அப்பா சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பெரியப்பா கேட்டிருந்த கேள்வி அவர் காதில் ஓடியிருக்கும்.

அம்மா சன்னல் வழியாக ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்க, காத்துத்தான் வேணுமுங்களா? நா படுத்திருக்கற வைக்கோல எடுத்துத் திணிச்சுப் பாருங்க.”

“அப்புறம் நீ எதுல படுப்பே?”

“பலகைல படுத்துக்கறனுங்க. அங்க போயிச் சேரோணுமல்ல.”

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. அம்மா கோலை ஊன்றி இறங்கி, மெத்தைச் சாக்கின் தையலைத் தானே பிரிக்க ஆரம்பித்தாள். பிறகு மூன்று பேருமாக வைக்கோலை முறுக்கி முறுக்கி டயருக்குள் அடைத்தோம். கால் வைத்து மிதித்து, தண்ணீர் தெளித்து, இன்னும் அடைத்தோம். பொழுது சாயும்போது சக்கரம் ஒரு மாதிரி உருண்டை ஆகியிருந்தது.

அடுத்த நாள் முழுவதும் அப்பா வண்டியில் ஏறவில்லை. மாடுகளுக்கு முன்னால் நடந்தபடி, ஒரு பனை மட்டையால் முள்ளையும் கல்லையும் தள்ளிக்கொண்டே போனார். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரில் வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். பொண்டாட்டிக்குத் தடம் கூட்டிக்கொண்டு போகிறான் என்று ஒருவர் சொன்னது எனக்கும் கேட்டது. எனக்கு அவமானமாக இருந்தது. அம்மா சன்னலோரம் பலகையைப் பிடித்துக்கொண்டு, அப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தாள். வண்டி அதிர்ந்தபோதெல்லாம் முகம் சுளித்தாள். ஒரு தடவையும் நிறுத்தச் சொல்லவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு மோகனூர் சேர்ந்தோம். மாமன் ஓடிவந்து அம்மாவை ஒரு குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கி இறக்கினார். அப்படியே அழுதார். காலையில் முகூர்த்தத்துக்கு முன்னால் அம்மா பட்டுச் சேலை கட்டி, கோல் இல்லாமல் நின்று இணைச்சீர் செய்தாள். மடித்த கூறைப்புடவையின் ஒரு நுனி மாமன் கையில், மறுநுனி அம்மா கையில். சீர் முடியும் வரை அவள் உட்காரவில்லை. பெரியப்பா கூட்டத்தில் நின்று எட்டிப் பார்த்தவர், சீர் முடிந்ததும் வெளியே போய் அந்த வைக்கோல் சக்கரத்தை மறுபடி ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை.

அம்மாவை ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். இரண்டே நாள் இருந்தாள். அதற்குள் பஸ் டிரைவர் ஒருவர் ட்யூபைச் சரியாக ஒட்டிக் கொடுக்க, மெத்தைக்குப் புது வைக்கோல் போட்டுக்கொண்டு திரும்பினோம்.

நாமக்கல் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரிந்தது. அப்பா மாடுகளை நிறுத்தினார்.

“இப்படிப் போனா நாளைக்குப் பொழுதோட ஊட்டுக்குப் போயிரலாம்” என்றார் உள்ளே பார்த்து.

“அதுக்குள்ளயுங்களா?” என்றாள் அம்மா.

அப்பா கொஞ்ச நேரம் மாட்டு வாலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு கயிற்றை மறுபக்கம் இழுத்தார். வண்டி ராசிபுரம் ரோட்டில் திரும்பியது. நாம் வந்த வழி மற்றது அல்லவா என்று நான் கேட்டேன். “தடம் தப்பிப் போச்சு சாமி. பரவால்ல, இதுலயும் போலாம்” என்றார். நான் நம்பினேன்.

ராசிபுரத்துக்குப் போய், வெண்ணந்தூருக்குப் போய், அங்கே தறிச் சத்தம் கேட்கிற ஒரு தெருவோரம் வண்டியை நிறுத்தி, அம்மா வெயிலில் காய்ந்துகொண்டிருந்த பாவு நூலையெல்லாம் பார்க்க வேண்டும் என்று சொல்ல, அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டு போய்க் காட்டினார். வழியெல்லாம் பேச்சு. நாலு நாள் ஆயிற்று. எனக்கு வீட்டுக்குப் போய்ப் பெரியப்பா பிள்ளைகளோடு விளையாட வேண்டும். எவ்வளவு தூரம், எவ்வளவு தூரம் என்று நச்சரித்துக்கொண்டே வந்தேன்.

ஒருவழியாக வண்டி எங்கள் களத்தில் வந்து நின்றது. பெரியப்பா வந்து, ஏன் இத்தனை நாள் என்று கேட்டார். அப்பா வாயைத் திறப்பதற்குள் நான் குதித்து இறங்கி, நாமக்கல்லில் அப்பாவுக்கு வழி தப்பிவிட்டது, ஊரெல்லாம் சுற்றிக்கொண்டு வந்தோம் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். பிறந்ததிலிருந்து போய்வருகிற தடம் தெரியவில்லையா என்று பெரியப்பா விழுந்து விழுந்து சிரித்தார். பெரியம்மாவும் சேர்ந்துகொண்டாள்.

“ஆமாங்கண்ணா. தப்பித்தான் போச்சு” என்றார் அப்பா, தலையைக் குனிந்துகொண்டு.

கூண்டுக்குள் அம்மா சட்டென்று மறுபக்கம் திரும்பி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. இடுப்பு வலி வந்துவிட்டது என்று நினைத்து, நான் எண்ணெய் எடுத்து வர உள்ளே ஓடினேன்.