ஒரு மூச்சுக்கு எத்தனை வார்த்தை

எங்கள் ஊர்ப்பக்கத்தில் வீட்டுக்கு வந்தவரை "வாங்க" என்று கூப்பிடாமல் விட்டால் அது ஏழு தலைமுறைப் பகை. அதுவும் பொத்தாம்பொதுவாக ஒரு "வாங்க" போதாது. மாமனுக்கு ஒன்று, அத்தைக்கு ஒன்று, கூட வந்த வாண்டுக்கும் ஒன்று. காலமெல்லாம் பஞ்சாலைத் தூசியை விழுங்கி நுரையீரல் அடைத்துப்போன என் அப்பா, கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் இந்த வழக்கத்தை விடவில்லை. மூக்கில் ஆக்சிஜன் குழாய். அவிநாசியிலிருந்தும் கிணத்துக்கடவிலிருந்தும் சொந்தம் வந்துகொண்டே இருந்தது. "வாங்க... மாப்ள... மழ... உண்டுங்களா..." ஒவ்வொரு வார்த்தைக்கும் விலா ஏறி இறங்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பேசாதீங்கப்பா என்றால் கேட்கிற ஆளா அவர்?

இன்னும் மோசமானால் தொண்டையில் குழாய் இறக்கி மெஷினில் போடவேண்டி வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதில் போட்டால் அப்பா திரும்பி வருவாரா என்பதுதான் என் பயம்.

ஒரு மதியம், அவர் திணறுவதைப் பார்க்கப் பொறுக்காமல் சித்தப்பா, காற்று கூடுதலாக வரட்டும் என்று ஆக்சிஜன் குமிழை நன்றாகத் திருகிவிட்டார். கொஞ்ச நேரத்தில் அப்பா தூங்கிப்போனார். "பாத்தியா கண்ணு, எப்புடித் தூங்கறாருன்னு" என்று சித்தப்பாவுக்குப் பெருமை. எனக்கும் அப்பாடா என்றிருந்தது.

அப்போது வார்டு நர்ஸ் வந்தார். வந்ததும் அப்பாவின் தோளைத் தட்டிக் கூப்பிட்டார். அப்பா அரைக்கண் திறந்து மூடிக்கொண்டார். குமிழைப் பார்த்த நர்ஸின் முகம் மாறிவிட்டது. டாக்டருக்கு ஆள் அனுப்பிவிட்டு, காற்றைக் குறைத்தார். எனக்கு வந்ததே கோபம்!

"ஏனுங்க சிஸ்டர், மூச்சுக்குத் தவிக்கற மனுசனுக்குக் காத்தக் கொறைக்கறீங்களே, நாயமாங்க?"

"ரொம்ப வருசமா அடச்ச நெஞ்சுங்க்கா. அளவுக்கு மேல குடுத்தா கெட்ட காத்து வெளிய வராம உள்ளயே தங்கிப்போயிருங்க. இது தூக்கமில்லீங்க, மயக்கம்" என்றார். கை மட்டும் நிற்கவில்லை. தலைப்பக்கம் கட்டிலை உயர்த்திக்கொண்டிருந்தார்.

டாக்டர் வந்து ரத்தம் எடுத்துப் பார்த்து, நர்ஸ் செய்ததே சரி என்றார். மாலையில் அப்பாவுக்குக் கண் தெளிந்தது. நர்ஸ் அவரை உட்காரவைத்து, முன்னால் மேசை போட்டுத் தலையணைமேல் சாயவைத்தார். "சூடான காப்பிய ஊதற மாதிரி உதட்டக் குவிச்சு ஊதுங்க அய்யா" என்று கூடவே தானும் ஊதினார். பிறகு என்னிடம் வந்தார். "வர்றவங்களக் கூப்பிடாம இவரால இருக்க முடியாதுங்க்கா. அந்த வேலைய நீங்க எடுத்துக்குங்க. வார்டு வாசல்லயே நின்னு கூப்புட்டு, அப்படியே அனுப்பிப்போடுங்க."

என்ன மூளை அது! வேறு யாராவதாக இருந்தால் அப்பாவைத்தான் அதட்டியிருப்பார்கள். நான் வாசலில் நின்று வாய் வலிக்க "வாங்க, வாங்க" என்றேன். உள்ளே நர்ஸ் வேளாவேளைக்கு, என்ன சாப்பிட்டீங்க என்று அப்பாவைக் கேட்பார். எத்தனை வார்த்தைக்கு ஒருமுறை மூச்சுக்கு நிற்கிறார் என்று கவனிப்பதற்காகத்தான் கேட்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்த அன்றே நான் நர்ஸின் ரசிகையாகிவிட்டேன். நாளாக ஆக, ஒரு மூச்சுக்கு ஒற்றை வார்த்தை என்பது இரண்டானது, மூன்றானது.

ஒருநாள் காலையில் நர்ஸ் அப்படிக் கேட்டபோது அப்பா பதில் சொல்லாமல் என் பக்கம் திரும்பினார். சித்தப்பா போட்டுக்கொடுத்திருக்கிறார்.

"ஏங்கண்ணு, அத்தன தூரத்துல இருந்து வந்த சனத்துக்கு ஒரு வாய் காப்பித்தண்ணி கூடக் குடுக்காம வாசல்லயே நிறுத்தித் திருப்பித் தாட்டி உட்டியாமா, நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சுட்டு அவுங்க ஊட்டுக்குப் போறது?"

நர்ஸ் என்னைப் பார்த்துச் சிரித்தார். "நடுவுல மூச்சுக்கு எங்கியும் நிக்கலீங்க்கா."

"இன்னும் திட்டுங்கப்பா" என்றேன்.