தரைக்குழாய்க்கு அடித்த பெயிண்ட்

1951 மார்ச் 12: ரேடியோ, ரூ. 285-0-0
மார்ச் 14: ஏரியல் கம்பி, பீங்கான் குமிழ்கள், ரூ. 9-4-0
மார்ச் 14: இடி சுவிட்சு, ரூ. 3-8-0
மார்ச் 15: தரைக்குழாய், ரூ. 4-0-0
மார்ச் 16: சிவப்புப் பெயிண்ட், ரூ. 1-2-0

ராயபுரம் பாஸ்கல் மேஸ்திரி வீட்டுக் கணக்கு இது. துறைமுகத்துக் கிரேன்களுக்குப் பெயிண்ட் அடித்தே காலம் கழித்தவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகள் ஃப்ளோரன்ஸ் நர்ஸ் வேலைக்குக் கொழும்பு போனாள். அவள் இருக்கும் ஊரின் சத்தமாவது வீட்டில் கேட்கட்டும் என்றுதான் ரேடியோ வாங்கினார்.

மாடியில் கட்டிய ஏரியல் கம்பியில் வெறும் காற்றுக்கே மின்சாரம் சேரும். பக்கத்தில் இடி விழுந்தால் கேட்கவே வேண்டாம். வானம் கறுத்ததும் சுவிட்சைத் தரைப்பக்கம் தள்ளிவிட வேண்டும். கம்பியில் ஏறியது குழாய் வழியாக மண்ணுக்குள் இறங்கிவிடும். மேஸ்திரி ஒருநாளும் தவறியதில்லை. குழாயடி காயாமல் உப்புத் தண்ணீரும் ஊற்றுவார்.

“இன்னா மேஸ்திரி, இரும்புச் செடி எப்ப காய்க்கும்?” என்பாள் எதிர்வீட்டு அடைக்கலமேரி.

“காய்ச்சா மொதக் காய் உனக்குத்தான்.”

1954 செப்டம்பரில் மகள் எழுதினாள். அவள் கன்னியர் மடத்தில் சேரப்போகிறாள். உள்ளே போனால் வெளியே வர முடியாது, கடிதமும் எழுத முடியாது. அதற்கு முன், அக்டோபர் கடைசி ஞாயிறு, கிறிஸ்து அரசர் திருநாள் மாலை அவள் கோயில் பாடகர் குழு ரேடியோவில் பாடுகிறது. ‘கேளுங்கள், அப்பா.’

திருநாளுக்கு இரண்டு நாள் முன்பு மழை பிடித்துக்கொண்டது. மேஸ்திரி வழக்கம்போல் சுவிட்சைத் தள்ளினார். தெருக்கோடித் தென்னையில் இடி விழுந்தது. சுவிட்சில் பளிச்சென்று ஒரு பொறி, ரேடியோவிலிருந்து புகை.

மறுநாள் ரேடியோ மெக்கானிக் கமால் வந்தான். பெட்டியைப் பார்த்தான், பிறகு குழாயைக் கத்தியால் சுரண்டினான்.

“இன்னா நைனா இது, குழாய் முழுக்க பெயிண்ட் அடிச்சிகீறே?”

“உப்புக்காத்துப்பா. அடிக்காத இரும்பு தாங்குமா? பொதைக்கிறதுக்கு முன்னாடி மூணு கோட்டிங்.”

“கிரேனுக்கு அது சரி. இது வெறும் இரும்பா மண்ணைத் தொட்டாத்தான் கரண்டு இறங்கும். உனுக்கு வழி அடைச்சிகினு கீது. அதான் உள்ளே பூந்துடுச்சி.”

மேஸ்திரி குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்த இடத்திலும் ஒரு பொட்டுத் துரு இல்லை.

சாமான் கிடைக்கப் பத்து நாளாகும் என்றான் கமால். கூலி வாங்கவில்லை. ஞாயிறு மாலை அவரைச் சுப்பராயன் டீக்கடைக்குக் கூட்டிப்போய், சினிமாப் பாட்டை மாற்றிக் கொழும்பை வைத்தான்.

முதல் பாட்டு. நிறையக் குரல்கள் ஒன்றாய். மேஸ்திரி காதைப் பெட்டியோடு ஒட்டிவைத்தும் மகளைப் பிரித்தெடுக்க முடியவில்லை. அது முடிந்து ஓர் அமைதி. அப்போது கடல்பக்கம் மின்னல் வெட்டியது. சுப்பராயன் எழுந்து ஏரியல் கம்பியைப் பிடுங்கிவிட்டார். மேஸ்திரியும் அதைத்தான் செய்திருப்பார்.

மின்னல் ஓய்ந்து மறுபடி செருகியபோது எல்லாருமாய் அடுத்த பாட்டை முடித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றே எழுதினார்: ‘கேட்டேன் அம்மா. எது உன் குரல் என்றுதான் தெரியவில்லை.’

பதில் சுருக்கமாக வந்தது. ‘இரண்டாவது பாட்டைத் தனியாகத் தொடங்கியது நான்தான், அப்பா.’

அந்தக் கடைசிக் கடிதம் வந்த நாள்: 1954 நவம்பர் 19.