மணி அடித்தால் எரிய வேண்டிய விளக்கு

கைக்குட்டையைப் பிரித்து, கருகிய சிப்பை லியூவின் மூக்குக்கு நேரே நீட்டுகிறார் கிழவர் கியெம். சைகோனில், நியட் தாவ் சந்தையில் எலெக்ட்ரானிக்ஸ் உதிரிபாகம் விற்கிற லியூவுக்கு அது பழகிப்போன வாடை.

"சிப்பை வாங்கிட்டுப் போயி கருவாடு மாதிரி சுட்டுத் தின்றீங்களா, பெரியப்பா?"

"உன் சரக்குதான் சொத்தை!" தெருவே திரும்பிப் பார்க்கிறது. நெசவாலையில் தறிகளுக்கு நடுவே காலம் தள்ளியவர். காதை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். தன் குரல் எவ்வளவு பெரிசென்று அவருக்குத் தெரியாது.

"அப்ப வேற கடைக்குப் போங்களேன்!" என்று அவளும் அவர் காதில் விழும்படி கத்துவாள். போகமாட்டார். மற்றவர்கள் பொருளை மட்டும்தான் கொடுப்பார்கள். உறவில்லாவிட்டாலும் 'பெரியப்பா' என்று கூப்பிடுகிற லியூ கூடவே வம்பும் கொடுப்பாள். சில நாள் அவர் வாய் திறந்து பேசுவதே அவளிடம் மட்டும்தான்.

புத்தாண்டின்போது தானாங் நகரிலிருந்து அவர் மகன் ஹுவான் வந்தான். மணியை அடித்து, கதவைத் தட்டி, காத்திருந்து பார்த்துவிட்டு, கேட்டில் ஒரு பை பம்பளிமாசை மாட்டிவிட்டுப் போனான். கியெம் உள்ளேதான் இருந்தார். 'வீட்டில் இல்லையே அப்பா' என்று போனில் செய்தி வந்தபோது, 'வெளியே போயிருந்தேன்' என்று பதில் எழுதினார். செவிடாகிவிட்டேன் என்று எழுத விரல் வரவில்லை. மழைக்காலம் முடிந்ததும் மறுபடி வருவதாக ஹுவான் சொல்லியிருக்கிறான்.

அதற்குள், வாசல் மணி அடித்தால் அறையில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டும்படி செய்துவிட வேண்டும். சர்க்யூட்டை அவரே பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்து ஈயத்தால் பற்றவைத்தார். சிப்தான் நிலைக்கவில்லை. வயரை மாற்றினார், ரெசிஸ்டரை மாற்றினார், மழை ஈரத்தைத் திட்டினார், லியூவைத் திட்டினார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

கடைசியில் லியூவுக்கே பொறுக்கவில்லை. "சிப்பை மாட்டுறப்ப கரண்டை நிறுத்துறீங்கதானே?"

கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டதுபோல் பார்த்தார். "எப்படி நிறுத்துவேன்? அந்த அடாப்டர்லதான உன் பெரியம்மா படத்து விளக்கும் எரியுது."

செத்துப்போன மனைவியின் படத்தைப் பூசை மாடத்தில் வைத்த நாளிலிருந்து அணையாத விளக்கு. வேறு யாராவது சொல்லியிருந்தால் லியூ விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

"கரண்டு ஓடுறப்ப செருகினா சிப்பு சாகாம என்ன செய்யும், பெரியப்பா? ஒரு மெழுகுவத்திய ஏத்தி வெச்சுட்டு நிறுத்துங்க. பெரியம்மா கோவிச்சுக்க மாட்டாங்க."

வீட்டுக்குப் போய், மெழுகுவத்தியை ஏற்றிப் படத்தின் முன் வைத்தார். "ஒரு நிமிஷந்தான், கிழவி. பயந்துக்காத." பிளக்கைப் பிடுங்கினார். சிப்பை அழுத்திப் பொருத்தினார். மறுபடி பிளக்கைச் செருகிவிட்டு மூக்கை விடைத்துக்கொண்டு காத்திருந்தார். வாடை வரவில்லை.

சோதித்துப் பார்க்க வாசலில் யாராவது மணியை அழுத்த வேண்டும். யாரைக் கூப்பிடுவது என்று யோசித்தார். அப்புறம் தானே வெளியே போய்க் கதவைச் சாத்தினார். பொத்தானை அழுத்திவிட்டு ஜன்னல் கம்பியில் முகம் பதித்துப் பார்த்தார். காலி அறையில் சிவப்பு விளக்கு சிமிட்டிச் சிமிட்டி ஓய்ந்தது. கியெம் கதவுக்கு முன்னால், புத்தாண்டின்போது ஹுவான் நின்ற இடத்தில் வந்து நின்றார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு மறுபடி மணியை அழுத்தினார்.