பாவாயி கரடு

சடையனைப் பயந்தாங்கொள்ளி என்று சொன்னவர்கள் எங்கள் ஊரில் உண்டு. அவர்களில் ஒருவர்கூட அந்தக் கரட்டில் தனியாக ஏறியதில்லை. நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

புதுச்சத்திரத்துக்கு மேற்கே நிற்கிறது அந்தக் கரடு, சிறு பாறைக் குன்று. உச்சியில், பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு கல்லால் மூடிய பழங்காலக் கல்லறைகள் ஏழெட்டு. யார் யாரைப் புதைத்தார்களோ, தெரியாது. ஆடு தேடி ஏறுகிறவர்கள் அங்கே ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்க மாட்டார்கள், சீழ்க்கைதான். அங்கே சொன்ன பெயரைக் கல் பிடித்துக்கொள்ளும், பிறகு கூப்பிடும் என்று பயம். கரட்டுக்கே பெயர் வைக்காமல் விட்டிருந்தார்கள்.

1927இல் வரைபடம் போட வந்த சர்வேயர் மருதாசலத்திடம் சடையன் அளவுச் சங்கிலி பிடிக்கப் போனான். உச்சி வெயிலில் கல்லறைகளைக் குறித்து முடித்த சர்வேயர் பென்சிலோடு நிமிர்ந்தார்.

“இந்த இடத்துக்குப் பேர் என்னப்பா?”

“பேரு இல்லீங்க சாமி.”

“பேர் இல்லாமல் படத்தை வாங்க மாட்டார்கள். ஏதாவது சொல்லு.”

உயிரோடிருப்பவர் பெயரைச் சொன்னால்தானே ஆபத்து? செத்தவர்களைக் கல் என்ன செய்துவிடும்? சடையன், போய்ச் சேர்ந்துவிட்ட தன் தாயின் பெயரைச் சொன்னான்.

“பாவாயி கரடுங்க.”

கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் மனைவி அத்தாயிக்கு அப்போது ஏழு மாதம். தலைப்பெண்ணுக்கு அப்பனைப் பெற்றவள் பெயரைத்தான் வைப்பார்கள் என்பது பாவம், அவனுக்கு உறைக்கவேயில்லை. பெண்ணே பிறந்தது. வேறு பெயர் வைக்கலாம் என்று கெஞ்சினான். காரணத்தைச் சொல்லப் பயந்தான்.

“பெத்தவ பேரு உங்களுக்குக் கசக்குதுங்களா?” என்று கேட்டு அத்தாயி அவன் வாயை அடைத்துவிட்டாள்.

குழந்தை பாவாயிக்கு ஐந்து வயதானது. ஒரு நாள் உச்சிவேளையில் சோறு தின்றுகொண்டிருந்தவள் எழுந்து மேற்கே பார்த்து, “வாரேனுங்க” என்றாள். யாரும் அழைத்திருக்கவில்லை. மறுநாளும் அதே நேரத்துக்கு எழுந்தாள். மூன்றாம் நாள் கரட்டின் அடிவாரத்தில் அவளைப் பிடித்துத் தூக்கி வந்தார்கள்.

சடையன் சேலத்துக்கு நடந்தே போய்ச் சர்வேயரின் காலில் விழுந்து பெயரை அழிக்கச் சொன்னான். “அச்சாகிவிட்டதே அப்பா” என்று அவர் படத்தை விரித்தார். படிக்கத் தெரியாத சடையன் அந்த எழுத்துகளை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுத் திரும்பினான்.

அத்தாயியிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

“நான் குடுத்தது எங்க ஆத்தா பேரு. அவளக் கூப்பிட்டா அவ பெத்தவன்தான் போவோணும்.”

அத்தாயி பிடித்த பிடியை உதறிவிட்டுப் போனான். சரிவில் ஆடு மேய்த்தவர்களுக்கு, “வந்துட்டேனுங்க!” என்ற அவன் குரல் ஒரு தடவை கேட்டது. ஊரே சீழ்க்கையடித்துக்கொண்டு தேடியது. ஒரு மூடுகல்லின் மேல் அவன் துண்டு மட்டும் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

மறுநாள் உச்சிவேளையில் குழந்தை மறுபடி மேற்கே பார்த்தாள். அத்தாயி ஓடிப்போய் அவளை இறுகக் கட்டிக்கொண்டாள்.

“கூப்பிடறாங்களா சாமி?”

“இல்லீங்காத்தா. அப்பன்தான் பேசுது. வராதேங்குது.”